மண்டையோட்டின் வடிவ மாற்றங்களை அளப்பதும் வகைப்படுத்துவதும்: தொடக்க நிலை வாசகருக்கான விளக்கம்

தொல்லியல் குழியிலோ உடற்கூறியல் கூடத்திலோ இருக்கும் ஒரு மண்டையோடு வழக்கத்தைவிட நீண்டோ, குறுகியோ, தட்டையாகவோ, ஒரு பக்கம் சரிந்தோ காணப்பட்டால், அதற்கான காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். அந்த மனிதரின் மண்டை இயல்பான வேறுபாட்டின் எல்லைக்குள்ளேயே அப்படி வளர்ந்திருக்கலாம். கருவிலோ குழந்தைப் பருவத்திலோ ஏற்பட்ட நோய் வளர்ச்சியைத் திசைதிருப்பியிருக்கலாம். துணி, பலகை, படுக்கை ஆகியவற்றின் அழுத்தம், பெற்றோர் விரும்பியோ விரும்பாமலோ, குழந்தையின் தலையை மாற்றியிருக்கலாம். இவை எதுவுமே நடக்காமல், புதைந்த பிறகு மேலே குவிந்த மண்ணின் எடை எலும்பை நெளித்திருக்கவும் கூடும். மண்டையோட்டை அளக்கும் முறைகள் எல்லாம் இந்த நான்கையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவதற்காகவே இருக்கின்றன. அந்த நோக்கத்தை மறந்துவிட்டு எண்களை மட்டும் எழுதி வைத்தால், அவை எதையும் சொல்வதில்லை.

வடசென்னையில் உயிரியல் படிக்கும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களையும், ராயபுரம் பழைய சிறைச்சாலை சாலையில் உள்ள ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் முதலாண்டு சேர்ந்து, மண்டையோட்டை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளிலிருந்து, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் உதவியோடு 2025இல் முகங்கள் மீட்டுருவாக்கப்பட்டபோது, அந்தப் படங்களைப் பற்றித் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் பேசாத மாணவர்கள் குறைவு. ஆனால் முகத்தை வரைவதற்கு முன்பு செய்யப்படும் வேலையைப் பற்றித் தமிழில் எளிமையாகச் சொல்லும் கட்டுரைகள் அரிதாகவே இருக்கின்றன.

தலை வளரும் விதம்

வடிவம் ஏன் மாறுகிறது என்று புரிந்துகொள்ள, அது எப்படி உருவாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பெரியவர்களின் மண்டையோட்டில் 22 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 8 எலும்புகள் மூளையைச் சூழ்ந்த பெட்டகத்தையும், எஞ்சிய 14 எலும்புகள் முகத்தையும் அமைக்கின்றன. பிறந்த குழந்தையின் பெட்டக எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை. அவற்றுக்கிடையே நார்த்திசுவாலான இடைவெளிகள் இருக்கின்றன; இவற்றைப் பொருத்துகள் என்கிறோம், மருத்துவ மாணவர்கள் சூச்சர் என்பார்கள். பல பொருத்துகள் சந்திக்கும் இடங்களில் இடைவெளி அகன்று உச்சிக்குழி ஆகிறது. வண்ணாரப்பேட்டை வீடுகளில் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் ஆயா, எண்ணெய் வைக்கும்போது விரலால் தொட்டுப் பார்க்கும் மெத்தென்ற இடம் அதுதான். பின்புற உச்சிக்குழி பிறந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள்ளும், முன்புற உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வயதுக்குள்ளும் மூடிக்கொள்ளும்.

நினைவில் வைக்க வேண்டிய பொருத்துகள் நான்கு. நெற்றியின் நடுவே மூக்கின் வேர் வரை இறங்குவது மெட்டோபிக் பொருத்து. நெற்றி எலும்புக்கும் இரு உச்சி எலும்புகளுக்கும் இடையே, ஒரு காதுப் பக்கத்திலிருந்து மறு காதுப் பக்கம் வரை குறுக்கே ஓடுவது கொரோனல் பொருத்து. இரு உச்சி எலும்புகளுக்கு நடுவே முன்னிருந்து பின்னாகச் செல்வது சஜிட்டல் பொருத்து. உச்சி எலும்புகளுக்கும் பிடரி எலும்புக்கும் இடையே இருப்பது லாம்ப்டாய்டு பொருத்து. மூளை வளர வளர இந்தப் பொருத்துகளின் ஓரங்களில் புதிய எலும்பு படிந்து பெட்டகம் விரிகிறது. மூளை முதல் இரண்டு ஆண்டுகளில் மிக வேகமாக வளர்வதால், தலையின் வடிவத்தைத் தீர்மானிக்கும் காலமும் பெரும்பாலும் அதுவே ஆகும்.

ஒரு பொருத்து காலத்துக்கு முன்பே எலும்பாகி மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ 1851இல் ஒரு விதியாக எழுதினார். மூடிய பொருத்துக்குச் செங்குத்தான திசையில் வளர்ச்சி தடைப்படும். அதற்கு இணையான திசையில் வளர்ச்சி மிகும். கொருக்குப்பேட்டை சரக்கு நிலையத்தில் ஒரு பக்கம் இறுக்கித் தைத்த சாக்கில் அரிசியைத் திணித்தால், தைத்த இடம் விரியாமல் மற்ற பக்கங்கள் புடைக்கும் அல்லவா, அதேபோல் வளரும் மூளையும் இடம் கிடைக்கும் பக்கமாகத் தள்ளுகிறது. இந்த விதி எல்லா நோயாளிகளுக்கும் அப்படியே பொருந்துவதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் தொடக்க நிலையில் இதைவிடப் பயனுள்ள ஒரு விதி இல்லை என்பது என் கருத்து. ஏனெனில் இதைக் கொண்டு வடிவத்தைப் பார்த்தே எந்தப் பொருத்து மூடியிருக்கும் என்று முன்கூட்டி ஊகித்து, பிறகு எலும்பைத் திருப்பிப் பார்த்து அந்த ஊகத்தைச் சோதிக்கலாம்.

பொருத்துகள் முன்கூட்டியே மூடும் நிலைக்குக் கிரேனியோசினோஸ்டோசிஸ் என்று பெயர். ஏறத்தாழ 2000 முதல் 2500 பிறப்புகளில் ஒன்றில் இது காணப்படுகிறது. அவற்றுள் ஏறக்குறைய பாதி சஜிட்டல் பொருத்து மட்டும் மூடுவதால் வருவது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். தலை பக்கவாட்டில் விரிய முடியாமல் முன்னும் பின்னும் நீள்கிறது, நடு உச்சியில் ஒரு முகடு தடவினால் தெரியும். இதை ஸ்காஃபோசெஃபலி என்பார்கள். மெட்டோபிக் பொருத்து மிக முன்னதாக மூடினால் நெற்றி ஒடுங்கி முன்புறம் கூராகி, மேலிருந்து பார்க்கும்போது முக்கோணமாகத் தெரியும். கண்குழிகளும் நெருங்கி அமையும். இது ட்ரைகோனோசெஃபலி. கொரோனல் பொருத்தின் இரு பக்கங்களும் மூடினால் தலை முன்பின்னாகக் குறுகி அகன்றும் உயர்ந்தும் வளர்கிறது. ஒரு பக்கம் மட்டும் மூடினால் அந்தப் பக்க நெற்றி தட்டையாகி, கண்குழியின் மேல்விளிம்பு உயர்ந்து, மூக்கின் வேர் வரை முகமே கோணுகிறது. இது முன்புறப் பிளேஜியோசெஃபலி. லாம்ப்டாய்டு பொருத்து மட்டும் மூடுவது மிக அரிது. பல பொருத்துகள் சேர்ந்து மூடினால் தலை கூம்பாக உயர்வதுண்டு. உள்ளே மூளை நெருக்கப்படுவதால், மண்டையோட்டின் உட்புறத்தில் ஆழமான பள்ளங்கள் நெருக்கமாகக் காணப்படலாம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மண்டையோட்டை மட்டும் பார்த்துவிட்டு எஞ்சிய எலும்புக்கூட்டைப் பார்க்காமல் விடுவது பெரிய இழப்பு. 1906இல் விவரிக்கப்பட்ட அபெர்ட் நோய்க்குறியில் கொரோனல் பொருத்துகள் மூடுவதோடு கை, கால் விரல்களும் ஒட்டியிருக்கும். 1912இல் விவரிக்கப்பட்ட குரூஸான் நோய்க்குறியில் தலை அதேபோல் இருந்தாலும் விரல்கள் இயல்பாகவே இருக்கும். இரண்டுக்கும் பெரும்பாலும் காரணமாக அமைவது எஃப்ஜிஎஃப்ஆர்2 என்ற ஒரே மரபணுவில் ஏற்படும் மாற்றங்கள்தாம். புதைகுழியில் சின்னஞ்சிறு விரலெலும்புகளைச் சலித்து எடுக்காமல் விட்டவர்களால் இந்த வேறுபாட்டைச் சொல்லவே முடியாது.

மூடிய பொருத்தைக் கண்டதும் நோய் என்று முடிவு கட்டுவதும் தவறு. வயது ஏற ஏறப் பொருத்துகள் இயல்பாகவே உட்புறத்திலிருந்து தொடங்கி மங்கி மறைகின்றன. அறுபதைக் கடந்த ஒருவரின் சஜிட்டல் பொருத்து முற்றிலும் மறைந்திருப்பது வியப்புக்குரியதன்று. மெட்டோபிக் பொருத்து பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் பிறந்த நாளுக்கு முன்பே மூடிவிடுகிறது, ஆனால் சிலருக்கு முதுமை வரை திறந்தே இருக்கும், அதுவும் நோயன்று. எனவே பார்க்க வேண்டியவை இரண்டு: பொருத்து மறைந்திருக்கிறதா என்பது ஒன்று; அது வளர்ச்சிக் காலத்திலேயே மறைந்ததற்கான ஈடுசெய் வளர்ச்சி மற்ற பகுதிகளில் தெரிகிறதா என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்து இருந்தால் மட்டுமே கிரேனியோசினோஸ்டோசிஸ் என்று எழுதலாம்.

அளவுகோலும் அடையாளப் புள்ளிகளும்

அளப்பதற்குத் தேவையான கருவிகள் மிகக் குறைவு. பள்ளி ஆய்வகத்தில் பார்த்த வெர்னியரைப் போன்ற நேரான காலிப்பர் ஒன்று, உருண்ட பரப்பின் இரு பக்கங்களையும் தழுவிப் பிடிக்கும் வளைந்த கைகளுள்ள காலிப்பர் ஒன்று, எலும்பின் வளைவோடு படியும் மெல்லிய நாடா ஒன்று, மண்டையோடு உருளாமல் தாங்குவதற்கு ஒரு மெத்தை வளையம் ஆகியவை போதும். கண்குழிக்குள் விரலை விட்டு மண்டையோட்டைத் தூக்கக் கூடாது. அங்குள்ள எலும்பு காகிதம் அளவுக்கே தடிமனானது. இரு கைகளாலும் அடியிலிருந்து தாங்கி எடுக்க வேண்டும்.

கருவியைவிட முக்கியமானவை அடையாளப் புள்ளிகள். உலகில் எங்கு, யார் அளந்தாலும் ஒரே இடத்திலிருந்து அளக்க வேண்டும் என்பதற்காக இவற்றுக்கு நிலையான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். புருவ மேடுகளுக்கு நடுவே முன்னோக்கி நிற்கும் இடம் கிளாபெல்லா. அங்கிருந்து நடுக்கோட்டில் மிகத் தொலைவிலுள்ள பின்புறப் புள்ளி ஒபிஸ்தோக்ரேனியன். மூக்கின் வேரில் நெற்றி எலும்பு முடியும் இடம் நேசியான். கொரோனல் பொருத்தும் சஜிட்டல் பொருத்தும் சந்திக்கும் இடம் பிரெக்மா. சஜிட்டல் பொருத்து லாம்ப்டாய்டு பொருத்தைச் சந்திக்கும் இடம் லாம்ப்டா. அடியில் தண்டுவடம் நுழையும் பெருந்துளையின் முன்விளிம்பின் நடுப்புள்ளி பேசியான். இவற்றுள் பிரெக்மா போன்றவை எலும்பிலேயே கண்ணுக்குத் தெரிபவை. ஒபிஸ்தோக்ரேனியன் அப்படிப்பட்டதன்று, காலிப்பரை நகர்த்தி, அளவு மிக அதிகமாகும் இடத்தில் நிறுத்தும்போதுதான் அது கிடைக்கிறது. வடிவம் கெட்ட மண்டையோட்டில் இந்த இரண்டாம் வகைப் புள்ளிகள் வழக்கமான இடத்திலிருந்து வெகுவாக விலகிவிடும் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

மண்டையோட்டை எந்தச் சாய்வில் வைத்துப் பார்ப்பது என்பதிலும் ஓர் உடன்பாடு உண்டு. இரு காதுத் துளைகளின் மேல்விளிம்புகளும் இடக் கண்குழியின் கீழ்விளிம்பும் ஒரே கிடைத்தளத்தில் அமையும்படி வைக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஒப்புக்கொள்ளப்பட்டதால் அதற்கு ஃபிராங்க்ஃபர்ட் தளம் என்று பெயர். நிழற்படம் எடுப்பவர்கள் இதை விட்டுவிட்டால், சாய்த்துப் பிடித்த ஓர் இயல்பான மண்டையோடும் நெற்றி சரிந்ததாகத் தோன்றும். சமூக ஊடகங்களில் சுற்றும் பல படங்களின் கதை இதுதான்.

மிகப் பழைய, இன்றும் பயன்படும் கணக்கு மண்டைக் குறியெண். ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ரெட்சியஸ் 1840களில் இதை முன்வைத்தார். மிக அதிக அகலத்தை மிக அதிக நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு மண்டையோட்டின் நீளம் 182 மில்லிமீட்டர், அகலம் 137 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் குறியெண் 75.3 ஆகும். வழக்கமான பகுப்பின்படி 75க்குக் கீழே நீள்மண்டை, 75 முதல் 79.9 வரை இடைமண்டை, 80 முதல் 84.9 வரை அகன்மண்டை, 85க்கு மேல் மிக அகன்மண்டை. 65க்குக் கீழே இறங்கினால் மிக மிக நீண்டது என்று கொண்டு, சஜிட்டல் பொருத்தை உடனே பார்க்க வேண்டும். ஆனால் 74.9க்கும் 75.1க்கும் இடையே இயற்கை எந்தக் கோடும் போட்டு வைக்கவில்லை. அந்த எல்லைகளை மனிதர்கள் வசதிக்காக வைத்துக்கொண்டார்கள். காலிப்பரை ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலே ஒரு மண்டையோடு ஒரு வகுப்பிலிருந்து மற்றொரு வகுப்புக்குப் போய்விடும்.

இந்தக் குறியெண்ணின் பெரிய குறை, அது மேலிருந்து பார்க்கும் உருவத்தின் நீள அகலங்களை மட்டுமே அறியும் என்பதுதான். பின்தலை தட்டையானதால் குறுகிய தலையும், கொரோனல் பொருத்து மூடியதால் குறுகிய தலையும், பரம்பரையாகவே அகன்ற தலையும் ஒரே எண்ணைத் தரக்கூடும். ஆகையால் உயரத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்: பேசியானிலிருந்து பிரெக்மா வரையுள்ள உயரத்தை நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வருவது 70க்குக் கீழே என்றால் தாழ்ந்த மண்டை, 75க்கு மேல் என்றால் உயர்ந்த மண்டை.

தொடக்க நிலையினருக்கு நான் மிகவும் பரிந்துரைப்பது வில்லையும் நாணையும் அளப்பதை. நேசியானிலிருந்து பிரெக்மா வரை எலும்பின் மேல் நாடாவைப் படியவைத்து அளந்தால் நெற்றியின் வில் நீளம் கிடைக்கும். அதே இரு புள்ளிகளுக்கு இடையே காலிப்பரால் நேராக அளந்தால் நாண் நீளம் கிடைக்கும். நாணை வில்லால் வகுத்தால் வரும் எண் 1ஐ நெருங்க நெருங்க நெற்றி தட்டையாகிறது என்று பொருள். இதையே பிரெக்மாவிலிருந்து லாம்ப்டா வரையும், லாம்ப்டாவிலிருந்து பெருந்துளையின் பின்விளிம்பு வரையும் செய்தால், தட்டையானது எந்த எலும்பு, எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும். இரண்டு எளிய கருவிகளால் கிடைக்கும் இந்த விவரம், ஒற்றைக் குறியெண் மறைத்துவிடுவதை வெளிக்கொணர்கிறது.

சரிவை அளப்பதற்கு, மேலிருந்து பார்த்து நடுக்கோட்டுக்கு இருபுறமும் 30 பாகை சாய்ந்த இரு மூலைவிட்டங்களை அளந்து, அவற்றின் வேறுபாட்டைச் சதவீதமாக்குகிறார்கள். உயிருள்ள குழந்தைகளுக்கான மருத்துவமனை வழக்கில் 3.5 சதவீதத்துக்கு மேற்பட்டால் கவனிக்கத்தக்க சரிவு என்று கொள்வதுண்டு. தோலும் முடியும் உள்ள குழந்தைத் தலைக்காக வகுத்த இந்த எல்லையை, உலர்ந்த முதியவர் மண்டையோட்டின் மீது அப்படியே ஏற்றக் கூடாது.

எந்த அளவையும் ஒருமுறை மட்டும் எடுப்பது போதாது. முதல் அளவை மூடி வைத்துவிட்டு வேறொரு நாளில் மறுபடி அளந்து, முடிந்தால் இன்னொருவரையும் அளக்கச் சொல்லி, மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்து எழுத வேண்டும். இன்று சிடி ஸ்கேன் எடுத்து, நூற்றுக்கணக்கான புள்ளிகளை முப்பரிமாணத்தில் குறித்து, அளவின் தாக்கத்தை நீக்கி வடிவத்தை மட்டும் ஒப்பிடும் கணினி முறைகள் வந்துவிட்டன. அவை பொருத்தின் உட்புறத்தையும் காட்டுவதால் பெரும் உதவி. ஆனாலும் புள்ளியைத் தவறான இடத்தில் குறித்தால் கணினியும் தவறான விடையையே துல்லியமாகத் தரும்.

கையின் வேலையா, மண்ணின் வேலையா

குழந்தையின் தலை உருண்டையாக அமைய வேண்டும் என்று எண்ணெய் தேய்த்து உருட்டிவிடும் வழக்கம் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் இன்றும் உண்டு. பிரசவத்தின்போது நெருக்குண்டு நீண்ட தலை சில நாள்களிலோ வாரங்களிலோ தானாகவே தன் வடிவத்துக்குத் திரும்பும். மென்மையாகத் தடவுவதால் எலும்பில் நிலையான மாற்றம் எதுவும் எஞ்சுவதில்லை. அழுத்திப் பிசைவதைக் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். எலும்பை நிலையாக மாற்றுவது விடாமல் நீடிக்கும் அழுத்தமே. ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கும் குழந்தையின் பின்தலை அந்தப் பக்கம் தட்டையாவது அப்படித்தான். திடீர் மரணங்களைத் தவிர்க்கக் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் அறிவுறுத்திய பின், உயிர்கள் பல காக்கப்பட்டன; கூடவே தட்டைப் பின்தலையும் அங்கே அதிகம் பதிவானது. அதற்காக மல்லாக்கப் படுக்கவைப்பதை நிறுத்திவிடக் கூடாது. விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விடுவதே தீர்வு.

இந்தத் தட்டைத் தலையையும் லாம்ப்டாய்டு பொருத்து மூடியதால் வந்த தட்டைத் தலையையும் பிரிப்பது இத்துறையின் சிறந்த பயிற்சிகளில் ஒன்று. படுக்கையின் அழுத்தம் பின்தலையை முன்னே தள்ளுவதால் அதே பக்கக் காதுத் துளையும் நெற்றியும்கூட முன்னே நகர்ந்து, மேலிருந்து பார்க்கும்போது தலை ஓர் இணைகரமாகத் தெரியும். பொருத்து மூடியிருந்தால் காதுப்பகுதி பின்னுக்கும் கீழுக்கும் இழுபட்டு, காதுக்குப் பின்னால் ஒரு புடைப்பு உண்டாகி, தலை சரிவகமாகத் தெரியும். தோலும் காதும் மறைந்த பிறகும் காதுத் துளை எலும்பில் இருப்பதால், இந்தச் சோதனையைப் பல நூற்றாண்டுப் பழைய மண்டையோட்டிலும் செய்யலாம்.

வேண்டுமென்றே தலையை வடித்தவர்கள் உலகின் பல பகுதிகளில் இருந்திருக்கிறார்கள். குழந்தைகளின் தலையைக் கட்டி நீளமாக்கிய ஒரு மக்களைப் பற்றி ஹிப்பாக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூலே பேசுகிறது. பெருவின் பராக்காஸ், மாயர்கள், ஹூணர் காலத்து ஐரோப்பா, காங்கோவின் மங்பெத்து மக்கள், 19ஆம் நூற்றாண்டு வரை பிரான்சின் துலூஸ் வட்டாரம் என்று பட்டியல் நீளும். அர்ஜெண்டினாவில் டெம்போ, இம்பெல்லோனி இருவரும் 1938இல் வகுத்த பகுப்பு இன்றும் அடிப்படையாக இருக்கிறது. முன்னும் பின்னும் பலகையோ திண்டோ வைத்து அழுத்தியது பலகை வகை. தலையைச் சுற்றித் துணியோ நாரோ கட்டியது வளைய வகை. பலகை வகையில் நெற்றியும் பிடரியும் தட்டையாகிப் பக்கவாட்டு எலும்புகள் புடைக்கும். வளைய வகையில் தலை முழுவதும் பின்னோக்கி உருளையாக நீண்டு, கட்டு இருந்த இடத்தில் ஆழமில்லாத ஒரு பள்ளம் சுற்றிவரும். வில், நாண் அளவுகள் மிகவும் கைகொடுப்பது இங்கேதான். இத்தகைய தலைகளில் பொருத்துகள் பெரும்பாலும் இயல்பாகத் திறந்தே இருப்பதால், சஜிட்டல் பொருத்து மூடி நீண்ட தலையிலிருந்து இவற்றைப் பிரித்துவிடலாம்.

பராக்காஸ் மண்டையோடுகள் வேற்றுக் கோளிலிருந்து வந்தவர்களுடையவை என்று சொல்லும் காணொளிகள் தமிழிலும் ஏராளமாக வந்துவிட்டன. கட்டு, வடிவத்தைத்தான் மாற்றுகிறது. மூளைக்கான கொள்ளளவு மனித எல்லைக்குள்ளேயே இருக்கிறது, எலும்புகளும் நம்முடையவைதாம். ஒரு தாய் தன் குழந்தைக்கு மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்த வேலையை வேறு யாருக்கோ எழுதிக் கொடுப்பது, அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

மண்ணின் வேலை நமக்கு இன்னும் நெருக்கமானது. தமிழ்நாட்டின் தாழி ஈமக்காடுகளில் தாழி உடைந்து, மழைநீர் இறங்கி, எலும்பு ஊறி மென்மையாகி, மேல்மண்ணின் எடையில் மெல்ல நெளிந்து, பிறகு அப்படியே உலர்ந்துவிடுகிறது. நெளிவு உயிருள்ளபோது ஏற்பட்டதா பின்னர் ஏற்பட்டதா என்று அறிய ஒரு தெளிவான வழி உண்டு. வளர்ச்சியால் வந்த மாற்றத்தில் எல்லா எலும்புகளும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்திருக்கும்: பொருத்துகளின் பற்கள் சரியாகப் பொருந்தும், தாடை மூட்டும் பற்களின் கடியும் புதிய வடிவத்துக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும். மண்ணால் வந்த மாற்றத்தில் அந்த ஒத்திசைவு இராது: உடைந்த ஓரங்கள் இடைவெளி விட்டு நிற்கும், விரிசல்கள் பொருத்துகளைக் கடந்து ஓடும், கீழ்த்தாடை மேலே பொருந்தாது. துண்டுகளைப் பசையிட்டு ஒட்டும்போது ஒவ்வோர் இணைப்பிலும் சேரும் சிறு பிழைகூட, பத்துத் துண்டுகள் கடந்தபின் அகலத்தை மில்லிமீட்டர் கணக்கில் கூட்டிவிடும். ஆகவே ஒட்டிய மண்டையோட்டின் குறியெண்ணை எழுதும்போது, அது ஒட்டப்பட்டது என்பதையும் அருகிலேயே எழுத வேண்டும்.

மண்டையோட்டை மாற்றும் நோய்கள் இன்னும் பல. மூளைநீர் தேங்கினால் பெட்டகம் பெருத்து எலும்பு மெலிந்து, முகம் சிறியதாகத் தெரியும். மூளை வளராதபோது பெட்டகமும் சிறுத்துவிடும். தலசீமியா போன்ற கடும் இரத்தசோகையில் எலும்பின் உள்ளடுக்கு தடித்து, வெளிப்பரப்பு நுண்துளைகளால் நிறையும். இவை வடிவத்தைவிடத் தடிமனையும் பரப்பையும் பார்த்து அறியப்படுபவை என்பதால் இங்கே விரித்து எழுதவில்லை.

அளந்தவர்கள் செய்த பிழை

இதே காலிப்பர் நம் ஊரில் வேறொரு காரணத்துக்கும் பயன்பட்டிருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் பொறுப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலைகளையும் மூக்குகளையும் சாதி வாரியாக அளந்து, 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் அவற்றைச் சேர்த்தார். அலெக்சாண்டர் ரே 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த மண்டையோடுகளும் அதே அருங்காட்சியகத்துக்கு வந்தன. அவற்றைப் பற்றி உடற்கூறியலாளர் சக்கர்மன் எழுதிய அறிக்கையை அருங்காட்சியகம் 1930இல் வெளியிட்டது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர் அடுத்த நிறுத்தத்திலேயே வந்துவிடும். உடலை அளந்து மனிதர்களை உயர்வு தாழ்வாக அடுக்கலாம் என்ற நம்பிக்கை நமக்குத் தொலைவில் வளர்ந்ததன்று.

அந்த நம்பிக்கையை அதே அளவுகோலே உடைத்தது. அமெரிக்காவில் குடியேறியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமாக ஏறத்தாழ 18,000 பேரை மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் அளந்து, அங்கே பிறந்த குழந்தைகளின் தலைக் குறியெண் பெற்றோருடையதிலிருந்து வேறுபடுவதை 1912இல் காட்டினார். அந்த வேறுபாட்டின் அளவைப் பற்றிப் பிற்காலத்தில் விவாதம் எழுந்தது உண்மை. ஆனால் குறியெண்ணை வைத்து அறிவையோ பண்பையோ சாதியையோ தீர்மானிக்க முடியாது என்பதில் இன்று அறிவியலாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை. வடசென்னையில் உடலுழைப்பால் வாழும் மக்களின் தோற்றத்தைப் பற்றி எவ்வளவு எளிதாக மற்றவர்கள் பேசிவிடுகிறார்கள் என்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இந்த வரலாறு பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியாக மட்டும் இருந்துவிடக் கூடாது என்று விரும்புகிறேன்.

முடிவை எழுதும் முறை

முதலில் கண்ணால் கண்டதை விவரிக்க வேண்டும்: எந்தெந்த எலும்புகள் உள்ளன, எவை இல்லை, எங்கே ஒட்டப்பட்டுள்ளது. அடுத்து அளவுகள், அவற்றின் பிழை எல்லையோடு. பிறகு ஒவ்வொரு பொருத்தும் திறந்திருக்கிறதா, பகுதி மூடியதா, முழுதும் மறைந்ததா என்ற குறிப்பு. அதன் பிறகுதான் மண்ணின் வேலை, கையின் வேலை, நோய், இயல்பான வேறுபாடு என்ற நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்து, எது எந்தச் சான்றால் விலக்கப்படுகிறது என்று எழுதுவது. நோயின் பெயர் கடைசி வரியில் வர வேண்டும். முதல் வரியில் எழுதிவிட்டால், பிறகு எடுக்கும் அளவுகள் எல்லாம் அந்தப் பெயரை நோக்கியே சாயத் தொடங்கிவிடும்.

இப்படிப் பொறுமையாகச் செய்த ஆய்வு எவ்வளவு சொல்லும் என்பதற்கு, ஸ்பெயினின் அட்டபுவெர்க்கா மலையில் சிமா தெ லோஸ் ஹுவேசோஸ் என்னும் குகைக்குழியில் கிடைத்த 14ஆம் எண் மண்டையோடு சான்று. நான்கு லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு குழந்தையுடையது அது. லாம்ப்டாய்டு பொருத்து ஒரு பக்கம் முன்கூட்டியே மூடி, தலையும் முகமும் கோணியிருந்தன. 2009இல் வெளியான ஆய்வு மண் நெளிவை விலக்கி, பொருத்தின் உட்புறத்தை ஸ்கேனில் பார்த்து, நோயை உறுதி செய்தது. அந்தக் குழந்தை ஐந்து வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறது. பிறவிக் கோளாறோடு பிறந்த ஒரு குழந்தையை அந்தக் கூட்டம் கைவிடவில்லை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நம் பகுதியில் வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ குழாய் பதிக்கும்போதோ மனித எலும்பு தென்பட்டால், வேலையை அந்த இடத்தில் நிறுத்திக் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். பழைய இடுகாடுகள் பல இருந்த வடசென்னையில் அது குற்றச் செயலின் தடயமாக இல்லாமலும் போகலாம், ஆனால் அதை முடிவு செய்பவர்கள் அதற்குரிய வல்லுநர்கள். எலும்பைக் கழுவவோ, துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கவோ, வேறிடத்தில் எடுத்து வைக்கவோ வேண்டாம். கிடந்த நிலையிலேயே, அருகில் ஓர் அளவுகோலை வைத்து, மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்து வைத்தால், எலும்பு நெளிந்தது மண்ணுக்குள்ளா அதற்கு முன்பா என்று கேட்கப் போகும் ஆய்வாளருக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.